அசையாத எடை

லிஃப்டின் எடையும் கட்டடத்தின் எடையில்தான் சேரும் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்து, மூன்று வருடத்துக்கு முன்பே அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் ஏழாவது மாடிக்கு நடந்துதான் ஏற வேண்டும். தாரணிக்கு வயது ஐம்பத்து மூன்று. வலது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டு வருடக்கணக்காகிறது. மாடிக்கு மாடி நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எண்ணூர்க் கழிமுகத்தின் பழுப்புத் தண்ணீரைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு, இந்த வேலையை விட்டுத் தொலைத்தால் என்ன என்று வழக்கம்போல் யோசித்தபடி ஏறினாள்.

அவள் எடை வாரியத்தில் கட்டமைப்புப் பொறியாளர். மூன்றாவது நோட்டீஸ் வந்த வீட்டுக்குப் பொறியாளரே நேரில் போய் விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. முதல் இரண்டு நோட்டீசுக்கு எழுத்தர் போதும். மூன்றாவதுக்கு மட்டும் ஏன் பொறியாளர் என்று யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டிலிருந்து மூன்றாவது முறையாக ஆளை எடுக்கும்போது கொஞ்சம் மரியாதையாக எடுப்போம் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

இரும்புத் தூண் சும்மா கான்கிரீட் மேல் நிற்காது. அதன் காலடியில் கனமான சதுரத் தகடு ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். நாலு போல்ட்டு அதைக் கான்கிரீட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சைட்டில் அதற்கு பேஸ் பிளேட் என்று பெயர். தூணில் இறங்குகிற பாரத்தை எல்லாம் வாங்கிப் பரப்பிக் கீழே கொடுப்பது அதன் வேலை. இரண்டாயிரத்து நாற்பத்து நாலாம் வருடப் புயலில் கழிமுகத்தில் இரண்டு குடியிருப்புகள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டன. இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு ஆள் உள்ளே இருந்தார்கள், பாரம் தாங்கவில்லை என்று விசாரணைக் கமிஷன் எழுதியது. அதற்குப் பிறகுதான் எடையை உணரும் பேஸ் பிளேட் வந்தது. அதை வடிவமைத்த நாலு பேரில் தாரணியும் ஒருத்தி. உயிரைக் காப்பாற்றத்தான் செய்தோம் என்று அவள் இன்னமும் நம்ப ஆசைப்பட்டாள்.

தகடு வந்தது, பின்னாலேயே அட்டையும் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர், இத்தனை கிலோ. பதினைந்து கிலோவரை முன்னே பின்னே இருக்கலாம். அதைத் தாண்டினால் நோட்டீஸ். ஒளித்து வைத்திருக்கிற ஆளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர், ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தனியாள் விடுதிக்குப் போக வேண்டும். போனவர் திரும்பி வர விதியில் இடமில்லை.

ஏழாம் மாடி சி வீட்டுக்கதவு, தட்டுவதற்கு முன்பே திறந்திருந்தது. கிஷோர் வாசலில் நின்றான். நாற்பது வயதிருக்கும், வெள்ளம் வந்தால் ஓடாத பம்ப் மோட்டார்களை ரிப்பேர் செய்கிறவன். அவன் மனைவி மோனிஷா ஒரு துணிப்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது மகள் நறுமுகை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பீரோ இல்லை, கட்டில் இல்லை, கிரைண்டர் இல்லை. தரை முழுக்கப் பழைய மெத்தையின் பஞ்சை விரித்து, மேலே போர்வை போட்டிருந்தார்கள். மூன்று பேரும் நடந்தால் சத்தமே வரவில்லை.

"உக்காருங்க மேடம். தண்ணி தரட்டுமா?" என்றான் கிஷோர்.

"யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் தாரணி. கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கேட்கும்போதே அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"வெச்சிருந்தா காமிச்சிட்டு நிம்மதியா இருப்போமே மேடம். மொதல் நோட்டீசு வந்தப்ப எங்க அப்பா போனாரு. போன வருசம் என் தம்பி சஞ்சய் போனான். இப்ப இவ போறேன்றா."

"நாந்தான் போறேன்" என்றாள் மோனிஷா. மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்பதுபோல் சொன்னாள். "அவரு சம்பாரிக்கணும். பொண்ணு படிக்கணும். வேற யாரு இருக்கா? நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போவணும்னு போட்டிருக்கு. போயிடுவேன்."

தாரணி டேப்லெட்டில் மூன்று நோட்டீசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். யாரும் அப்படி வைத்துப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நோட்டீசும் ஒரு தனி ஃபைல், ஒவ்வொன்றையும் ஒரு தனி எழுத்தர் பார்த்திருந்தார். முதல் நோட்டீசில் மிகை எடை அறுபத்தொரு கிலோ. இரண்டாவதில் அறுபத்தொன்று. மூன்றாவதிலும் அறுபத்தொன்று.

"உங்க அப்பா என்ன எடை இருந்தாரு?"

"நாப்பத்தெட்டு" என்று மோனிஷாதான் சட்டென்று சொன்னாள்.

"தம்பி?"

"எழுவத்தி நாலு."

நாற்பத்தெட்டு கிலோ அப்பா போனதும் மிகை பதின்மூன்றாகக் குறைந்து வரம்புக்குள் வந்திருக்கிறது. ஃபைலை மூடிவிட்டார்கள். வருடக் கடைசியில் அட்டையைப் புதுப்பிக்கும்போது போனவர் பெயரை அடித்து, அவருக்கான கிலோவையும் கழித்துவிடுவார்கள். கழித்த மறுநாளே பழைய அறுபத்தொன்று மறுபடி தலைகாட்டியிருக்கிறது. பிறகு தம்பி போனான், அடுத்த புதுப்பிப்பில் மறுபடி அறுபத்தொன்று. வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒளிந்திருப்பதாகச் சொல்லப்படுகிற ஆள் மட்டும் ஒரு கிலோகூட இளைக்காமல் அப்படியே இருக்கிறார். இந்தக் கணக்கில் வருடத்துக்கு ஒருவர் என்று வீடே காலியாகிவிடும்.

"சஞ்சய் போறப்ப இன்னா சொன்னான் தெரியுமா?" என்றான் கிஷோர். "உன் பொண்டாட்டி அவங்க அம்மாவ எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கா, அதுக்கு என்னைப் பலி குடுக்கறேன்னான். அதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்கறதில்ல. கூடப் பொறந்தவன் மேடம்."

நறுமுகை தலையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, எங்க வீட்டுலதான் அந்த எடை இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தகடு கீழ தானே இருக்கு?"

"நீங்க நடக்கறப்ப தரை லேசா அதிரும். எந்த வீட்ல யார் நடக்கறாங்கன்னு அந்த அதிர்வை வெச்சுத் தகடு கண்டுபிடிச்சிடும்."

"அசையாம இருந்தா?"

"அசையாத எடை யாரோடதுன்னு தெரியலேன்னா, எந்த வீட்ல நடமாட்டம் ரொம்பக் கம்மியோ அந்த வீட்டு மேல எழுதிடும். ஒளிஞ்சிருக்கறவங்க நடக்க மாட்டாங்க இல்லையா, அதனால." அந்த விதியை யாரோ எழுதினார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டவர்களில் தாரணியும் உண்டு.

"தாத்தாவுக்குக் காலு வராது. படுத்துக்கிட்டேதான் இருப்பாரு" என்றாள் நறுமுகை. பிறகு கொஞ்சம் யோசித்து, "தாத்தா போனதுலேர்ந்து நாங்களும் மெதுவாத்தான் நடக்கறோம் ஆன்ட்டி. எடை தெரியக் கூடாதுன்னு. நான் ஸ்கூல் விட்டு வந்தா குதிக்கக்கூட மாட்டேன்."

தாரணியால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயந்து பயந்து மெதுவாக நடந்ததால்தான் வருடாவருடம் பழி இவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. குதித்துக் கும்மாளம் போட்டிருந்தால் வேறு வீட்டுக்குப் போயிருக்கும். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"கிஷோர், உங்க டூல் பாக்ஸை எடுத்துக்கிட்டு என்கூடக் கீழ வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீடுகள் கிடையாது. வெள்ளம் வந்தால் போகட்டும் என்று திறந்தே விட்டிருந்தார்கள். இருபது தூண்களும் உப்பு பூத்த கான்கிரீட் மேடைகளில் நின்றன. சி வீடுகளைத் தாங்குவது ஒன்பதாம் தூண். தாரணி அதன் மூடியைத் திறந்து தகட்டைப் பார்த்தாள். போல்ட்டு, நட்டு, விளிம்பு எல்லாம் நன்றாக இருந்தன. தகட்டின் மேல் ஒரு குறையும் இல்லை, பாவம் அது வந்ததை வந்தபடி சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் எங்கிருந்து வந்தது?

அப்போதுதான், பன்னிரண்டு வருடத்தில் வாரியத்தில் ஒருவரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள். எடை கூடிய தூணை விட்டுவிட்டு, டேப்லெட்டில் எடை குறைந்த தூணைத் தேடினாள்.

ஈசானிய மூலைத் தூண். நாலு வருடத்துக்கு முன்பு அதில் ஒன்றரை டன் குறைந்து, அப்படியே நின்றிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கூடினால்தான் நோட்டீஸ், குறைந்தால் சான்றிதழ். அந்த மூலையில் இருக்கிற எட்டு வீட்டுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து, போன பொங்கலுக்குப் படம்கூட எடுத்திருந்தார்கள்.

"ஒன்றரை டன் எங்க போச்சு?" என்று டேப்லெட்டை எட்டிப் பார்த்துக் கேட்டான் கிஷோர்.

"எங்கயும் போகல. இந்தத் தூண் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஒரு ஆள் தோளை இறக்கிட்டா பக்கத்து ஆள் மேல பாரம் ஏறும் இல்லையா? அது மாதிரி உங்க தூண் மேல ஏறிடுச்சு. கட்டடம்னா கொஞ்சம் உட்காரத்தான் செய்யும்னு சிஸ்டம் ஒரு அளவு வரைக்கும் தானே கழிச்சிடும். அந்த அளவுக்கு மேல மிச்சம் நின்னதுதான் அறுபத்தொண்ணு."

"அப்ப அது ஆளே இல்லியா?"

"இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

கிஷோரின் சுத்தியலை வாங்கி ஒன்பதாம் தூணின் தகட்டைத் தட்டினாள். கெட்டியாக, டங்கென்று கேட்டது. ஈசானிய மூலைக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டினாள். முழங்கால் கெஞ்சியது. விளிம்பில் டங், கொஞ்சம் உள்ளே தள்ளி டொப். மறுபடி தட்டினாள். டொப், டொப்.

தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுத்தான் தூணை நிறுத்துவார்கள். மட்டம் பார்த்து நிறுத்த, அடியில் போல்ட்டுகளில் நட்டு போட்டிருக்கும். பிறகு அந்த இடைவெளியில் சிமெண்டுக் கலவையை ஊற்றி நிரப்ப வேண்டும். கிரவுட் என்பார்கள். அது தகட்டின் அடியில் இண்டு இடுக்கு இல்லாமல் நிரம்பினால்தான் தகடு உட்காரும். நிரம்பாவிட்டால் பாரம் முழுக்க அந்த நாலு நட்டின் தலையில். உப்புத் தண்ணீரில் நட்டு எத்தனை நாள் தாங்கும்? எட்டு வருடம் தாங்கியிருக்கிறது. பிறகு துருப்பிடித்து நசுங்கியிருக்கிறது.

கலவை ஊற்றும்போது காற்று வெளியேறத் தகட்டில் ஒரு துளை இருக்கும். அதில் மெல்லிய கம்பி ஒன்றைப் பக்கவாட்டில் வளைத்து விட்டாள். முட்டவே இல்லை, கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கறுப்பாகக் கொழகொழவென்று எதுவோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். உளுந்துத் தோல், மஞ்சள் துணியின் நூல். மக்கிப்போன தானியத்தின் புளித்த நெடி அடித்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இந்தத் தூண்களை நிறுத்தியபோது சைட்டில் இருந்த பொறியாளர் அவள்தான். மறக்க வேண்டும் என்று மறந்ததல்ல. சந்தோஷமான நாள் என்று நினைத்து, யோசிக்காமல் விட்டிருந்த ஒன்று.

பூஜைப் பொருளைக் கடைக்காலில்தான் போடுவார்கள். குழி தோண்டியதும் நவதானியம், மஞ்சள், நாணயம் எல்லாம் ஒரு துணியில் முடிந்து மண்ணில் வைத்து, அதன் மேல் கான்கிரீட் போடுவது வழக்கம். அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. ஆனால் இந்தக் கட்டடத்தில் யார் யாருக்கு வீடு என்று குலுக்கல் நடந்தபோது கடைக்கால் வேலை முடிந்து, தூண்களும் நின்றுவிட்டன. எண்பது குடும்பமும் ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தாம்பாளத்தோடு வந்து நின்றது. புயலில் எல்லாவற்றையும் இழந்த ஜனங்கள். திறந்திருந்த இடம் இந்த ஈசானிய மூலைத் தகட்டின் அடியில் அந்த இரண்டு அங்குலம் மட்டும்தான். ஒரு பிடிதானே மேடம், மறுக்காதீங்க என்றார் மேஸ்திரி. தாரணி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஒருவர் வைத்ததும் இன்னொருவர். எண்பது மஞ்சள் முடிச்சு, எண்பது பிடி தானியம். அதன் மேலேயே கலவையை ஊற்றினார்கள். தானியம் கலவையின் தண்ணீரைக் குடித்து ஊதியது, முளை விட்டது, பிறகு மக்கிப் பொந்தாகிப் போனது. 'முழுமையாக நிரப்பப்பட்டது' என்று பதிவேட்டில் தாரணியின் கையெழுத்து இருக்கிறது.

கிஷோர் அந்தக் கறுப்பு உமியைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"இது நாங்க போட்டது."

"ஆமா."

"எங்க அப்பா போடறப்ப ஒவ்வொருத்தர் பேரா சொல்லிச் சொல்லிப் போட்டாரு மேடம். அஞ்சு பேரும் இங்கியே இருக்கணும், எங்கியும் போகக் கூடாதுன்னு." உமியைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"தப்பு உங்க மேல இல்ல கிஷோர். நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். என் வேலையே அதுதான்" என்றாள் தாரணி. சொன்ன பிறகும் பாரம் குறைந்தபாடில்லை.

பிற்பகல் அலுவலகத்தில் அஸ்வத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அஸ்வத் அவளைவிட இருபது வயது சின்னவன், அவளுக்கு மேலதிகாரி. கெட்டவன் என்று சொல்ல முடியாது. தூக்கம் போதாத முகம்.

"மேடம், இதுக்குப் போய் ரிப்போர்ட் எதுக்கு? அந்தத் தூணை ஜீரோ பண்ணி விட்டுடுங்க. அறுபத்தொண்ணு மறைஞ்சிடும். அந்த அம்மாவும் போக வேண்டாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"மூலைத் தூண் பொந்து மேல நிக்குது சார். அடுத்த பெரிய புயல் வந்தா?"

"வர்றப்போ பாத்துக்கலாம்." சொல்லிவிட்டு அவனே முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "சரி, அது தப்புதான். ஆனா நீங்க இதை எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இதுவரைக்கும் அசையாத எடைன்னு நீங்க கையெழுத்துப் போட்ட ஃபைல் மட்டும் முந்நூத்திப் பதினொண்ணு. எல்லாத்தையும் தோண்டுவாங்க. அதுலயும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களே மேடம். ஆமா, ஆள் இருந்தாங்கன்னு எழுதிக் குடுத்தாங்களே."

"மூணாவது நோட்டீசுலயும் ஒத்துக்கலேன்னா வீட்டையே எடுத்துப்போம்னு சொன்னோம். வேற என்ன பண்ணுவாங்க? அத்தையோ சித்தப்பாவோ, கைக்கு எட்டுன ஒரு பேரைச் சொல்லியிருப்பாங்க. எல்லாரும் ஒத்துக்கறாங்களே, அப்ப நம்ம தகடு சரியாத்தான் வேலை செய்யுதுன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்."

அஸ்வத் ஃபைலை மூடி வைத்தான்.

"வெற்றுச் சோதனைன்னு விதியில ஒண்ணு இருக்கு" என்றாள் தாரணி. "கட்டடத்துல ஒரு ஆள் இல்லாம எறக்கிட்டு எடை பாக்கறது. நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு வெச்சுக்கலாம்."

"இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

"தெரியும்."

"எறக்கினதும் அறுபத்தொண்ணு மறைஞ்சிடுச்சுன்னா, ஆள் இருந்திருக்காங்கன்னு முடிவாயிடும். அந்த அம்மா விடுதிக்குப் போயாகணும், உங்க லைசென்சும் போகும். மறையாம நின்னா கட்டடம் சரியில்லைன்னு ஆகும். ஜாக்கி வெச்சுத் தூணைத் தூக்கிப் பொந்தை நிரப்பற வரைக்கும், ஆறு மாசமோ எட்டு மாசமோ, எண்பது குடும்பமும் கூடாரத்துல கெடக்கணும். எது நடந்தாலும் ஜனங்க உங்களைத்தான் திட்டுவாங்க மேடம்."

"திட்டட்டும் சார். அதுக்கு எடை கிடையாது" என்றாள். அஸ்வத் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் கிஷோர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போக வேண்டாமா, குழம்பு அடுப்பில் இருக்கிறது, உன் வீட்டு வில்லங்கத்துக்கு நாங்கள் ஏன் இறங்க வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூலை வீட்டில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பெரியவர், "எங்க எடை சுத்தமான எடை தம்பி" என்று கோபித்துக்கொண்டார். ஆனாலும் இறங்கினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். நாமும் ஒரு முடிச்சு போட்டோம் என்ற நினைப்பு எல்லோருக்கும் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும்.

மோனிஷா கடைசியாக, துணிப்பையோடு வந்தாள். தாரணி நின்ற இடத்துக்கு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவரு எல்லாம் சொன்னாரு மேடம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"இந்தச் சோதனைல எடை மறைஞ்சிடணும்னுதான் நான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

தாரணிக்குப் புரியவில்லை. "மறைஞ்சா நீங்க போகணுமேம்மா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு."

"போறேன். பைய கட்டி வெச்சுட்டேன்." மோனிஷாவின் குரல் உயரவே இல்லை. "மொத நோட்டீசு வந்தப்ப யாரு போறதுன்னு இவரு வாயே தொறக்கல. சஞ்சயும் தலைய குனிஞ்சுக்கிட்டான். நாந்தான் மாமாகிட்ட போனேன். மாமா, அங்க டாக்டர் இருப்பாங்க, காலுக்கு வைத்தியம் பாப்பாங்க, நீங்க போயிட்டு வாங்கன்னேன். திரும்பி வர முடியாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரிம்மான்னாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. பத்தொம்போதாம் நாளு விடுதிலேர்ந்து போன் வந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாருன்னாங்க."

கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. மோனிஷா அது அடங்கும் வரை காத்திருந்தாள்.

"எங்க வூட்ல நெசமாவே அதிகப்படியா ஏதோ இருந்துச்சு, அதுக்குத்தான் அவரை அனுப்பினேன்னு இருந்துட்டுப் போவட்டும் மேடம். ஒண்ணுமே இல்லன்னு நீங்க எழுதிட்டா, நான் அவரை எதுக்கு அனுப்புனேன்? ராத்திரி படுத்தா என்ன சொல்லிக்குவேன்?"

தாரணிக்கு முந்நூற்றுப் பதினோரு வீட்டிலும் இப்படி ஒருத்தி இருப்பாள் என்ற நினைப்புதான் வந்தது. மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மோனிஷா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு மணிக்குக் காவலர்கள் எட்டு மாடியும் ஏறிப் பார்த்துவிட்டு, ஒருவரும் இல்லை என்று சொல்லி இறங்கினார்கள். வாசலில் இருந்த பெரிய திரையில் எண்பது வீடும் வரிசையாகத் தெரிந்தன. அஸ்வத் பொத்தானை அழுத்தினான். ஒவ்வொரு வீடாகப் பூஜ்யத்துக்கு வந்தது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. ஜனங்கள் தங்கள் தங்கள் வீட்டு எண் அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டாம் மாடியும் அடங்கியது.

ஏழு சி மட்டும் அடங்கவில்லை. 'ஒரு நபர். அசையாத எடை. 61 கிலோ.'

அஸ்வத் காவலர்களை மறுபடி மேலே அனுப்பினான். அவர்கள் ஏழு சி வீட்டின் ஜன்னலைத் திறந்து, வெறுங்கையை விரித்துக் காட்டினார்கள். திரையில் அவர்கள் எடை தனியாகக் கூடியது, அசையாத அறுபத்தொன்று அப்படியே நின்றது.

கிஷோர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். போனை எடுத்து யாருக்கோ அடித்தான். எதிர்முனையில் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். நறுமுகை அம்மாவின் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கூடாரம் எங்கே போடுவார்கள், பள்ளிக்கூடத்திலா மைதானத்திலா என்று கூட்டத்தில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஒருவர் தாரணியைக் கைகாட்டி ஏதோ சொன்னார். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது, நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அஸ்வத் டேப்லெட்டை அவளிடம் நீட்டினான். அவள் எழுதினாள். ஈசானிய மூலைத் தூணின் தகட்டின் அடியில் வெற்றிடம். ஏழு சி வீட்டில் மிகையாக யாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. காரணம், கலவை நிரம்பாதது. பொறுப்பு, தாரணி. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். சிஸ்டம் திருப்பி அனுப்பியது.

"அசையாத எடைக்கு உரியவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு மேடம்" என்றான் அஸ்வத், சங்கடத்தோடு. "அதைக் காலியா விட்டா ஏத்துக்காது. எடை இருந்தா ஆள் இருக்கணும்ல, அப்படித்தான் பண்ணி வெச்சிருக்காங்க. உங்க பேரையே போட்டுடுங்க."

தாரணி தன் பெயரை அடிக்கப் போனாள்.

"டில்லிபாபுன்னு போடுங்க" என்றாள் மோனிஷா.

அவள் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் ஏழாம் மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க மாமா பேரு. எப்படியும் யாரோ ஒருத்தர் இருக்காங்கன்னுதானே அது சொல்லுது? அவரா இருந்துட்டுப் போவட்டும்."

தாரணி அஸ்வத்தைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். அவள் டில்லிபாபு என்று எழுதினாள்.

விடுதி வேறு இலாகா. அங்கே செத்தவர்கள் செய்தி இங்கே வருவதில்லை. திரையில் ஒரு வரி வந்தது: 'இந்த நபர் ஏழு சி குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டவர். மீண்டும் சேர்க்கவா?'

கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மோனிஷா அப்போதுதான் முகத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெல்ல வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள். பிறகு, இத்தனை வருடமாக அழாத அழுகையை அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

தாரணி 'ஆம்' என்பதை அழுத்தினாள். ஏழு சி அட்டையில் நான்கு பேர் ஆனார்கள்.